தூர்ந்த வாய்க்கால்களும் புதிய நடைபாதையும்: முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் பராமரிப்பையும் அங்கு நடைபெறும் படகுச் சுற்றுலாவையும் பொறுப்பில் வைத்திருக்கும் அலுவலர்களுக்கு,

சென்ற மாதம் எங்கள் ஊர்ப் படகுத்துறையில் கூட்டிய கூட்டத்தில் இரண்டு முடிவுகளை அறிவித்தீர்கள். காயலை ஒட்டிய மரங்களுக்கு ஊடாகப் புதிய நடைபாதை ஒன்றும் அதன் முனையில் சிற்றுண்டிக் கூடம் ஒன்றும் அமையும் என்பது முதலாவது. சனி, ஞாயிறுகளில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை, சுற்றுலாப் படகுகள் செல்லும் தடத்தில் மீன்பிடித் தோணிகள் வரக்கூடாது என்பது இரண்டாவது. நான் எழுந்து, காட்டுக்குள் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால்களை எப்போது தூர்வாரப் போகிறீர்கள் என்று கேட்டேன். இந்த ஆண்டு அதற்கு நிதி ஒதுக்கப்படவில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடுத்த கேள்விக்கு இடம் தராமல் கூட்டமும் முடிக்கப்பட்டது. அங்கே கேட்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் இந்தக் காட்டின் ஓரத்தில் பிறந்து 65 வயதைக் கடந்தவன். என் தகப்பனார் இதே காட்டில் கூலிக்கு மரம் வெட்டியவர். பின்னர் தோணி வைத்து மீன் பிடித்தவர். நான் சில ஆண்டுகள் எங்கள் ஊர் மன்றத்தின் கணக்கேட்டை எழுதியவன். காட்டைச் சீர்திருத்தும் பணி நடந்தபோது வெட்டப்பட்ட வாய்க்கால்களின் நீளத்தையும் ஆழத்தையும் குறித்த நோட்டுப் புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. பேசுவதற்கு எனக்குள்ள தகுதி இவ்வளவுதான், ஆனால் இந்த விவகாரத்துக்கு இது போதும் என்று நம்புகிறேன்.

இந்தக் காட்டின் உரிமை பல கைகள் மாறியிருக்கிறது. தஞ்சை மராத்திய மன்னர்கள் வழிப்போக்கர்களுக்காக ஏற்படுத்திய சத்திரங்களின் நிருவாகத்தில் இது நெடுங்காலம் இருந்தது. பாலஞ்சூர், தாமரங்கோட்டை, மரவக்காடு, வடகாடு, துறைக்காடு, முத்துப்பேட்டை என்று இன்று காப்புக்காடுகளாகப் பெயர் பெற்றிருக்கும் பகுதிகளிலிருந்து விறகு விற்ற பணத்தில்தான் எத்தனையோ பேருக்கு இலை போடப்பட்டிருக்கும். அந்தக் காலத்து ஏற்பாட்டில் ஒரு செய்தியை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்: காட்டுப் பொருள்களை விற்று வந்த வருமானத்தில் பாதி சத்திரத்துக்குச் சென்றது, மறுபாதி காட்டைப் பராமரிக்கவே கொடுக்கப்பட்டது. 1937-இல் காடு முழுமையாக அரசின் கைக்கு வந்தது. அதன் பிறகு வருமானத்துக்கும் பராமரிப்புக்கும் இடையே அப்படி ஒரு கணக்கை எங்கள் ஊரில் எவரும் கண்டதில்லை.

கூப்பு என்ற சொல்லை உங்களில் இளையவர்கள் கோப்புகளில் மட்டுமே பார்த்திருப்பீர்கள். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, முறை வைத்து, அந்தந்தத் துண்டில் உள்ள மரங்களை ஒன்றுவிடாமல் வெட்டி எடுப்பதுதான் கூப்பு. 1970-கள் வரை இந்தக் கடற்கரையில் அதுவே வழக்கம். பள்ளி விடுமுறையில் தகப்பனாருக்குக் கஞ்சி எடுத்துச் சென்ற எனக்கு, வெட்டி முடித்த நிலம் எப்படிக் கிடந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. முதலில் மூச்சுவேர்கள் மட்டும் குத்திட்டு நிற்கும். அவையும் காய்ந்து விழுந்த பிறகு, நிழலே அறியாத சேறு வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரம் இழந்த மண் சுருங்கித் தாழ்ந்து, நடுவில் தொட்டி போல் ஆகிவிடும். ஓதம் ஏறும்போது அந்தத் தொட்டிக்குள் கடல்நீர் புகும். வற்றும்போது வெளியேற வழியிருக்காது. தேங்கிய நீரை வெயில் குடித்துவிட, உப்பு மட்டும் தங்கும். அடுத்த ஏற்றத்தில் மேலும் உப்பு. அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம்தான். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றும் மரம். அதன் இலையை நாவில் வைத்தால் கரிக்கும். ஆனாலும் உப்பளம் போல் ஆகிவிட்ட நிலத்தில் அதன் கன்றும் பிழைக்காது. உமரிச் செடி மட்டும் ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்க, நடுவே மொட்டைத் திடலாகப் பல ஆண்டுகள் கிடந்த இடங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மரங்களை வெட்டிய கைகளில் என் தகப்பனாருடையவையும் உண்டு. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கூலியில்தான் நான் படித்தேன்.

திரும்பவும் பசுமை வந்தது எப்படி என்பதே இந்த மடலின் மையம். காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஏற்றத்தில் உள்ளே வரும் மீனையும் இறாலையும் வற்றத்தில் திரும்பும்போது பிடிப்பது எங்கள் பகுதி மீனவர்களின் பழைய தொழில்முறை. வேறு கடற்கரையினர் இதைப் பார்த்து வியப்பார்கள். சுற்றிலும் மொட்டையாகக் கிடந்த காலத்திலும் இந்த மீன் வாய்க்கால்களின் இரு கரைகளிலும் அலையாத்தி தானாக முளைத்து நின்றது. தண்ணீர் வந்து போன இடத்தில் உப்பு தங்கவில்லை. மிதந்து வந்த விதை ஒதுங்க இடமும் கிடைத்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டும் முறை இங்கே கையாளப்பட்டது. ஓடையிலிருந்து சாய்வாக ஒரு தலைமை வாய்க்கால், அதன் இருபுறமும் மீண்டும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலே அகன்று அடியில் குறுகிய சரிவில் கன்றுகள் என்று அமைந்தது அந்தப் பணி. கன்றைக் கரையின் உச்சியில் நட்டால் காயும், அடியில் நட்டால் அழுகும், ஓதம் தொட்டுவிட்டுப் போகும் நடுச்சரிவில்தான் நட வேண்டும் என்பதை நாங்கள் சேற்றில் நின்று கற்றோம். என் தகப்பனாரும் மண்வெட்டியுடன் வந்தார். தாம் வெட்டிய கூப்பு இருந்த இடத்திலேயே அவர் வாய்க்கால் வெட்டினார். மூன்றாம் ஆண்டில் அங்கே இடுப்பளவுக்கு மரம் நின்றதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் வீட்டில் அதிகம் பேசவில்லை. இரவு வெகு நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

வாய்க்கால் என்பது ஒருமுறை வெட்டிவிட்டு மறக்கத்தக்க வேலை இல்லை. இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அப்படிப்பட்ட இடத்தில் வாய்க்காலின் வாயில் ஒரு முழம் மண் அடைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் அத்தனை மரங்களுக்கும் கதவைச் சாத்தியது போலத்தான். பணி நடந்த ஆண்டுகளில் அவ்வப்போது வண்டலை வாரிக்கொண்டிருந்தோம். பிறகு திட்டம் முடிந்தது, கூலி நின்றது, மன்றக் கூட்டங்களும் நின்றன. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்தக் காடு முறிந்தது. இலை முழுவதும் உதிர்ந்து, தீப்பட்டதுபோல் பழுப்பாக நின்ற மரங்களை நீங்களும் படங்களில் பார்த்திருப்பீர்கள். முறிந்த கிளைகளும் புரண்ட சேறும் எங்கள் பகுதி வாய்க்கால்களில் விழுந்து அடைத்தன. தென்னை இழந்த உழவர்களுக்கு இழப்பீடு கேட்டு ஊரே அலைந்த அந்த மாதங்களில், காட்டு வாய்க்கால்களைப் பற்றி எவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் தோணியில் சென்று பழைய நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தேன். எங்கள் ஊர் எல்லைக்குட்பட்ட 8 தலைமை வாய்க்கால்களில் 5 வாயடைத்துக் கிடக்கின்றன. வெட்டியபோது 1 மீட்டர் ஆழம் என்று என் கையால் எழுதிய இடத்தில், கழியை ஊன்றினால் கணுக்காலளவு தண்ணீரும் அதற்குக் கீழே இளஞ்சேறும்தான் இருக்கின்றன. மீதமுள்ள மூன்றும் திறந்திருப்பதற்குக் காரணம், அவற்றில் எங்கள் ஆட்கள் இன்னும் மீன் பிடிக்கிறார்கள் என்பதே. வலை கட்டுகிறவன் தன் பிழைப்புக்காகவாவது வாயில் சேரும் மண்ணை வாரிவிடுகிறான். அடைபட்ட வாய்க்கால்களின் உட்பகுதியில் நடந்தபோது உச்சிக் கிளைகள் காய்ந்த மரங்களையும், பழையபடி வெடிக்கத் தொடங்கியிருக்கும் தரையையும் கண்டேன். என் சிறுவயதில் கஞ்சித் தூக்குடன் நின்று பார்த்த அதே வெடிப்பு. இரண்டாம் முறையாக அதைப் பார்க்கும்போது, இந்த முறை அதற்குக் கோடரி தேவைப்படவில்லை என்பது என்னை நிலைகுலையச் செய்தது.

நல்ல நீரின் கணக்கும் இதோடு சேர்ந்தது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமணியாறும் கோரையாறும், வழியில் எத்தனையோ வயல்களுக்குப் பாய்ந்த பிறகு மிஞ்சியதை இங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. கந்தபரிச்சான் ஆறு, கிளைதாங்கி ஆறு, மரக்கா கோரையாறு ஆகியவற்றின் நீரும் இங்கேதான் வந்து முடிகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் சில வாரங்களில் மட்டுமே காயலின் உப்பு இறங்குகிறது. கோடையில் ஆற்றுநீர் எட்டிப் பார்ப்பதே அரிது. காவிரியில் எவ்வளவு நீர் வரும் என்பது உங்கள் கையிலும் இல்லை, எங்கள் கையிலும் இல்லை. வந்த நீர் காட்டுக்குள் நுழைய வழியிருக்கிறதா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

சுற்றுலா வருகிறவர்களை நான் வெறுக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் இந்தக் காட்டைப் பார்க்க வேண்டும். ஆறு கடலில் கலப்பதைப் பாடப் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளை, படகிலிருந்து கையை நனைத்து அந்தத் தண்ணீரைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அவர்கள் இன்று என்ன பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பதை ஒரு விடுமுறை நாளில் சாதாரண உடையில் வந்து கவனியுங்கள். ஒலிபெருக்கியில் பாட்டு முழங்க, இயந்திரப் படகு விரைவாகச் செல்கிறது. அது எழுப்பும் அலை கரையில் மோதி, முந்தைய ஆண்டு முளைத்த கன்றுகளின் வேரடி மண்ணைக் கரைக்கிறது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று பெயர் பெற்ற மரத்துக்கு, ஓய்வில்லாமல் அலையை உண்டாக்கி அனுப்புகிறோம். குடித்துப் போட்ட தண்ணீர்ப் புட்டிகளும் தின்பண்ட உறைகளும் ஓதத்தோடு உள்ளே சென்று மூச்சுவேர்களின் மேல் போர்த்திக்கொள்கின்றன. சேற்றுக்கு மேலே தலைநீட்டிக் காற்றை வாங்குவதற்காகத்தான் அந்த வேர்கள் இருக்கின்றன. இது சுரபுன்னைக் காடு என்றும் பிச்சாவரம் போன்றது என்றும் படகில் விளக்கம் சொல்வதை என் காதால் கேட்டேன். இங்கே பெரும்பாலும் நிற்பது அலையாத்தி. ஓரங்களில் நரிகண்டலும் தில்லையும் உண்டு. ஒரு மரத்தின் பெயரைச் சரியாகச் சொல்வதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

பறவைகளைப் பற்றி ஒரு சொல். கோடியக்கரையையும் இந்தக் காட்டையும் சேர்த்த 38,500 எக்டேர் பரப்பு, 2002 ஆகஸ்டில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த உடன்படிக்கை ஈரநிலத்தை அறிவார்ந்த முறையில் பயன்படுத்தச் சொல்கிறது. மனிதர்களை விரட்டச் சொல்லவில்லை. வலசைப் பறவைகள் வந்து தங்கும் ஐப்பசி முதல் மாசி வரையிலான மாதங்களிலேயே படகுக் கூட்டமும் உச்சத்தில் இருக்கிறது. காயலின் நடுத்திட்டில் இறங்கும் பறவைக் கூட்டம் ஒவ்வொரு படகுக்கும் எழுந்து பறந்து, மீண்டும் இறங்கி, மீண்டும் எழுவதை எங்கள் மீனவர்கள் கவலையோடு சொல்கிறார்கள்.

புதிய நடைபாதைக்கு நீங்கள் நட்ட அடையாளக் கம்புகளை ஒட்டி நடந்து பார்த்தேன். அந்தப் பாதை இரண்டு கிளை வாய்க்கால்களின் வாயைக் கடக்கிறது. வாயில் தூண் நின்றால் அதில் கிளை சிக்கும், பிளாஸ்டிக் சிக்கும், பிறகு வண்டல் சேரும்; ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அந்த வாய்க்கால் மூடிவிடும். இதை அறிய ஆய்வு தேவையில்லை. அங்கே வலை கட்டும் ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும். எவரிடமும் கேட்கப்படவில்லை. அதே ஆட்களைத்தான் சனி, ஞாயிறுகளில் வரக்கூடாது என்று சொல்கிறீர்கள். ஓதம் கிழமை பார்த்து ஏறுவதில்லை. ஏற்றமும் வற்றமும் நாள்தோறும் நேரம் தள்ளிக்கொண்டே போவதால், சில வாரங்களில் நீங்கள் தடுக்கும் பகற்பொழுதுதான் வலையெடுக்கும் பொழுதாக அமையும். அந்த நாள்களில் தோணி போகாவிட்டால் வலையில் கிடக்கும் மடவையும் இறாலும் அழுகும். இன்னும் திறந்திருக்கும் மூன்று வாய்க்கால்களையும் அடைப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. காட்டை உயிரோடு வைத்திருக்கும் கடைசி ஆட்களை, காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று கருதி விலக்குகிறீர்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினக் கரை மாண்டது. எங்கள் ஊர் தப்பியது. கோடியக்கரை முனைக்கு மேற்கே பாக் நீரிணைக்குள் ஒதுங்கியிருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மரங்களே முழுவதையும் செய்தன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கஜாவின் இரவில் காற்றின் முதல் அடியை வாங்கியது இந்தக் காடுதான். அதன் பின்னால் இருக்கும் வீடுகளில் ஒன்றில் என் பேரக் குழந்தைகள் படுத்திருந்தார்கள்.

எனவே பின்வருவனவற்றை உங்களிடம் கேட்கிறேன்.

அடைபட்டுக் கிடக்கும் வாய்க்கால்களை வரும் ஐப்பசி மழைக்கு முன் தூர்வார வேண்டும். அலையாத்தி விதைகள் மிதந்து வரும் மழைக்காலத்தில் வாய் திறந்திருந்தால்தான் அவை உள்ளே போகும்; தவறவிட்டால் இன்னோர் ஆண்டு கழியும். பொக்லைன் இயந்திரத்தை உள்ளே இறக்கிவிடாதீர்கள். அது ஒரு வாய்க்காலைத் தோண்ட ஐம்பது மரங்களைச் சாய்க்கும். மண்வெட்டியுடன் இறங்கும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள், கூலி கொடுங்கள். முதல் ஆண்டோடு நிறுத்தாமல் ஆண்டுதோறும் வண்டல் வாரும் பணியாக இதை அறிவிக்க வேண்டும்.

அதற்கு நிதியில்லை என்றால், படகுக் கட்டணத்தில் வரும் வருமானத்தில் பாதியை இதற்கென்று ஒதுக்குங்கள். சத்திர நிருவாகத்தின் காலத்தில் முடிந்த பங்கீடு இன்று ஏன் முடியாது என்பதற்கு எழுத்துமூலமான விளக்கம் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வந்த தொகையையும் காட்டுக்குச் செலவான தொகையையும் படகுத்துறைப் பலகையில் எழுதி வையுங்கள்.

நடைபாதைப் பணியை நிறுத்தி வையுங்கள். வாய்க்கால்களின் வாயைத் தொடாத மாற்றுத் தடம் ஒன்றை எங்கள் மீனவர்களுடன் நடந்து பார்த்து முடிவு செய்யலாம். அதற்கு நாங்கள் எதிரிகள் அல்லர். சிற்றுண்டிக் கூடம் கரையிலேயே இருக்கட்டும். காட்டுக்குள் உணவுப் பொட்டலமும் ஒலிபெருக்கியும் செல்லக்கூடாது. வலசைக் காலத்தில் காயலின் நடுத்திட்டைச் சுற்றிப் படகுகள் அணுகாத எல்லை ஒன்றை மிதவைகளால் குறியுங்கள். கிளை ஓடைகளுக்குள் இயந்திரம் இல்லாத, கழி ஊன்றித் தள்ளும் தோணிகளை மட்டும் அனுமதித்து, அவற்றை ஓட்டும் வேலையை எங்கள் ஊர் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கொடுங்கள். மரத்தின் பெயரையும் மீனின் பெயரையும் அவர்கள் பிழையின்றிச் சொல்வார்கள்.

சனி, ஞாயிறுத் தடையைத் திரும்பப் பெற வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டு நீர்நிலைகளின் மீனையும் சமூக உரிமைகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, காட்டைச் சார்ந்து வாழ்ந்தவர்களை அது ஏற்கிறது. எங்கள் பகுதி மீனவர்கள் அந்த வரையறைக்குள் வருகிறார்களா என்று தீர்மானிக்கும் நடைமுறையைக் கிராம சபையில் தொடங்கி வையுங்கள். அது முடியும்வரை, வாய்க்கால் தொழிலை எந்த வாய்மொழி ஆணையாலும் தடுக்க வேண்டாம்.

இந்த மடலுக்கு 30 நாள்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். அதற்கு முன்பே உங்களில் ஒருவர் நேரில் வந்து பார்க்க விரும்பினால், அளவுகள் குறித்த நோட்டுப் புத்தகத்துடனும் கழியுடனும் படகுத்துறையில் காத்திருப்பேன். ஓதம் வற்றும் நேரத்தில் வாருங்கள். அப்போதுதான் அடைப்பு கண்ணுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கோரையாற்றுக் கரையில் வாழும் ஒருவன்